நகரி, புத்தூர் பக்கத்துல இருந்து சென்னைக்கு நர்ஸ் வேலைக்கு கிளம்புறவங்களுக்கு

திருப்பதிலயோ சித்தூர்லயோ ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ), பிஎஸ்சி நர்சிங் முடிச்சுட்டு, வீட்ல தமிழ், ஸ்கூல்ல தெலுங்குன்னு வளந்த நம்ம பக்கத்து பசங்க நெறைய பேரு மெட்ராஸ்க்கு வேலைக்கு வராங்க, ஆனா வந்து எறங்குனப்புறம் தான் ஒவ்வொண்ணா விசாரிக்கவே ஆரம்பிக்கிறாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே முடிக்க வேண்டியது தான் ஜாஸ்தி.

மொதல்ல ரிஜிஸ்ட்ரேஷன். ஆந்திரால படிச்சிருந்தா உங்க பேரு விஜயவாடால இருக்கிற ஆந்திரா நர்சிங் கவுன்சில்ல இருக்கும், தமிழ்நாட்டுல வேலை பாக்க அது மட்டும் போதாது. அங்க என்ஓசி (ஆட்சேபணை இல்லங்கிற லெட்டர்) வாங்கிட்டு வந்து சாந்தோம்ல இருக்கிற தமிழ்நாடு நர்சஸ் கவுன்சில்ல பதிவு பண்ணணும். வேலை கெடச்சதும் பாத்துக்கலாம்னு விடாதீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு என்ஏபிஎச் (ஆஸ்பத்திரிக்கு தரச் சான்று குடுக்கிற அமைப்பு) ஆடிட் வரப்ப ஒவ்வொரு நர்ஸோட ரிஜிஸ்ட்ரேஷனையும் பாப்பாங்க, அதனால ஹெச்ஆர்ல கேக்குற மொத பேப்பரே அதுதான். இல்லன்னா ட்ரெய்னின்னு போட்டு அதே வார்டுல அதே வேலைய கம்மி சம்பளத்துக்கு வாங்கிப்பாங்க. இன்னொண்ணு, பேரு. நம்ம பக்கம் ஆதார்ல வீட்டுப் பேரு, அதாவது குடும்பப் பேரு, முழுசா இருக்கும், டென்த் மெமோல (மார்க் ஷீட்ல) இனிஷியல் மட்டும் இருக்கும், நர்சிங் சர்டிபிகேட்ல மூணாவதா ஒரு ஸ்பெல்லிங். இத ஊர்ல இருக்கிறப்பவே சரி பண்ணிடுங்க, அப்புறம் லீவு போட்டு அலையணும்.

எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டா, மொத வேலைக்கு பேரையும் பாக்காதீங்க, ஆயிரம் ரெண்டாயிரம் வித்தியாசத்தையும் பாக்காதீங்க, எந்த வார்டுல போடுவாங்கன்னு கேளுங்க. ஐசியூ, எமர்ஜென்சி, டயாலிசிஸ், ஓடி (ஆபரேஷன் தியேட்டர்) இதுல ரெண்டு வருஷம் இருந்தவங்களுக்கு அடுத்த வேலை தானா வரும், ஓபிடில (வெளி நோயாளி பிரிவுல) டோக்கன் கூப்பிட்டுட்டு இருந்தவங்களுக்கு வராது. (எலும்பு முறிவுக்குப் போடற புத்தூர் கட்டு ஊர்ல பொறந்துட்டு நான் ஆர்த்தோல, அதாவது எலும்பு வார்டுல, நிக்கிறேன், வீட்ல இன்னும் கிண்டல் பண்றாங்க.)

இன்டர்வியூல பெருசா சுத்தி வளைக்க மாட்டாங்க, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடம் ஒரு கணக்கு குடுப்பாங்க. 5 எம்எல் வயல்ல 25,000 யூனிட் ஹெப்பரின் (ரத்தம் உறையாம இருக்க போடற மருந்து), டாக்டர் எழுதினது 2,500 யூனிட், எவ்வளவு எடுப்ப? அரை எம்எல். 500 எம்எல் நார்மல் சலைன் நாலு மணி நேரத்துல போகணும், செட்டுல ஒரு எம்எல்லுக்கு 20 சொட்டு, நிமிஷத்துக்கு எத்தன? 500-ஐ 20-ஆல பெருக்கி 240-ஆல வகுத்தா 42 கிட்ட வரும். இத கால்குலேட்டர் இல்லாம சொல்லிப் பழகுங்க. பொட்டாசியம் குளோரைட நேரா புஷ் பண்ணலாமான்னு கேட்டா யோசிக்காம 'கூடாது மேடம், டைல்யூட் பண்ணி மெதுவா தான்'னு சொல்லணும். பிஎல்எஸ் (உயிர் காக்கும் அடிப்படை முதலுதவி) சர்டிபிகேட் இருந்தா கைல வெச்சுக்கோங்க.

அப்புறம் நம்ம கிட்ட ஒண்ணு இருக்கு, தெலுங்கு. நெல்லூர், கடப்பா, திருப்பதின்னு சென்னை கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்கு வர பேஷண்ட் கூட்டம் கொஞ்சநஞ்சம் இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த பெரியவரு எங்க வலிக்குதுன்னு சொல்றது புரியற சிஸ்டர் ஒருத்தி அந்த ஷிப்ட்ல வேணும். பயோடேட்டாவுல கடைசில போடாம மேலயே போடுங்க.

சம்பளம் பேசறப்ப சிடிசி (கம்பெனி நமக்கு செய்யுற மொத்த செலவுக் கணக்கு) எவ்வளவுன்னு கேக்காதீங்க, கைக்கு எவ்வளவுன்னு கேளுங்க. உதாரணத்துக்கு மொத்தம் 18,000, அதுல பேசிக் 12,000-ன்னா பிஎஃப் 12 சதவீதம் 1,440, ஈஎஸ்ஐ 0.75 சதவீதம் 135, ஹாஸ்டலும் மெஸ்ஸும் 3,000 பிடிச்சா கைக்கு 13,425 தான். 2016-ல சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி, 50 பெட்டுக்கு கம்மியான ஆஸ்பத்திரில கூட 20,000-க்கு குறையக் கூடாதுன்னு சொல்லுச்சு, கேரளால நர்ஸுங்க போராடி 2018-ல பேசிக் 20,000 வாங்கிட்டாங்க, இங்க இன்னும் அந்த நெலமை வரல.

பாண்டுல கையெழுத்து போடச் சொன்னா எத்தன வருஷம், நடுவுல விட்டா எவ்வளவு கட்டணும்னு படிச்சுட்டு போடுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட மட்டும் குடுக்காதீங்க, காட்டிட்டு ஜெராக்ஸ் குடுங்க. சர்டிபிகேட்ட அடகுப் பொருள் மாதிரி பிடிச்சு வெச்சுக்க உரிமை இல்லன்னு சென்னை ஐகோர்ட்டே சொல்லிருக்கு.

தமிழ்நாடு அரசு வேலைக்கு எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) எக்ஸாம். மொதல்ல தொகுப்பூதியம் தான், பர்மனென்ட் ஆக வருஷக்கணக்கா ஆகும். தமிழ் தகுதித் தேர்வுல 40 சதவீதம் எடுக்கணும், நாம பேசுவோம், ஆனா எழுத வராது, அதுனால பத்தாம் க்ளாஸ் தமிழ் புக்க இப்பவே எடுங்க. ஆந்திரா பிசி சாதி சர்டிபிகேட்டுக்கு இங்க ரிசர்வேஷன் கெடையாது. எய்ம்ஸுக்கு நார்செட்னு தனி நர்ஸ் தேர்வு இருக்கு, அதுக்கு தமிழ் தேவையில்ல.

வேலைய விடறப்ப சொல்லாம நிக்காதீங்க. நோட்டீஸ் குடுத்து ரிலீவிங் ஆர்டரும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் வாங்குங்க, நாளைக்கு கல்ஃப் போனா டேட்டாஃப்ளோ (சர்டிபிகேட்ட சரிபாக்கிற கம்பெனி) காரங்க அந்த ஆஸ்பத்திரிக்கே எழுதி விசாரிப்பாங்க, பொய் லெட்டர் அங்க மாட்டிக்கும். லெட்டர்ல வார்டு பேரு, மொத்தம் எத்தன பெட், சேந்த தேதி, விட்ட தேதி நாலும் இருக்கான்னு ஹெச்ஆர் டேபிள்கிட்டயே நின்னு படிச்சுட்டு வெளிய வாங்க.