கோலாலம்பூர் வெயிலில் பின்னல் பழக

கம்பளி நூல் வாங்காதீர்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை, மஸ்ஜித் இந்தியா பக்கம் தையல் சாமான் விற்கும் கடைகளில் பருத்தி நூலோ, மில்க் காட்டன் என்கிற மென்மையான கலப்பு நூலோ கேளுங்கள். வெளிர் நிறமாக, பிசிறில்லாமல் இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஊசி 4 அல்லது 4.5 மில்லிமீட்டர், மூங்கிலில். உலோக ஊசியில் கண்ணிகள் சுலபமாக வழுக்கி விழும்.

முதல் வேலை ஸ்வெட்டர் இல்லை, பாத்திரம் துடைக்கிற துணி. கேமரன் மலைக்குப் போட்டுப்போக ஸ்வெட்டர் அப்புறம் பின்னலாம். நழுவு முடிச்சில் (இழுத்தால் இறுகும் முடிச்சு) தொடங்கி ஒரு ஊசியில் 30 கண்ணி ஏற்றுங்கள், தளர்வாக.

இனி நிட், அதாவது அடிப்படைக் கண்ணி. நூல் பின்பக்கம் இருக்க வேண்டும். வலது ஊசியை முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைத்து, அதன் முனையில் நூலைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியாக முன்னால் இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து விட்டுவிடுங்கள். அவ்வளவுதான். எல்லா வரிசையும் இப்படியே போனால் கார்ட்டர் பின்னல், சுருளாமல் தட்டையாகக் கிடக்கும்.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணுங்கள், சலிப்பாக இருந்தாலும். 30 திடீரென்று 31 ஆனால் பெரும்பாலும் ஓரத்தில்தான் கோளாறு: துணியைத் திருப்பும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போயிருக்கும், அது முதல் கண்ணியை இழுத்து இரண்டாகக் காட்டும், நீங்களும் இரண்டையும் பின்னிவிடுவீர்கள். நூலைக் கீழே இழுத்துவிட்டு, ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோனால் போதும்.

இன்னொரு வகைக் கண்ணி பர்ல், நிட்டுக்கு நேர் எதிர். நூல் முன்னால், ஊசி பின்னிருந்து முன்னாக, சுற்றைப் பின்பக்கம் தள்ள வேண்டும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று பின்னினால் கடைத் துணி மாதிரி வழவழப்பு வரும், ஆனால் ஓரம் சுருளும்; அது துணியின் குணம், இஸ்திரி போட்டாலும் முழுசாகப் போகாது. ஒரே வரிசையில் நிட்டும் பர்லும் மாறி மாறிப் போட்டால் ரிப், அதாவது வரிவரியான பின்னல். அங்கே ஒவ்வொரு முறையும் நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே முன்னும் பின்னும் மாற்ற மறந்தால் தேவையில்லாத கண்ணி முளைக்கும்.

கண்ணி நழுவி ஏணி மாதிரி இறங்கிவிட்டதா? அவிழ்க்க வேண்டாம், குரோஷே கொக்கியால் ஒவ்வொரு படியாகப் பிடித்து மேலே ஏற்றலாம்.

முடிக்க, இரண்டு கண்ணி பின்னி முதலாவதை இரண்டாவதின் மேல் தாண்டவிடுங்கள், இன்னொன்று பின்னித் திரும்பவும் அதே. கை இறுக்கமானவர்கள் இதற்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த ஓரம் குறுகிப்போகும்.