கமெண்ட் குமிகிறதா? பாராட்டா கேலியா என்று பார்ப்பது இப்படித்தான்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்கள், ஆத்தங்குடி டைல்ஸ் செய்கிறவர்கள், சீப்புச் சீடை, மணகோலம் என்று பலகாரம் போட்டு விற்கும் ஆச்சிமார் என்று சிலருடைய ஃபேஸ்புக், இன்ஸ்டா பக்கங்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "தம்பி, கமெண்ட் குமியுதே, நல்லா ஓடுதுல்ல?" என்று போன் வரும். "இருங்கண்ணே, பார்த்துட்டுச் சொல்றேன்" என்பேன். சண்டைக்கும் கூட்டம் கூடும், சந்தைக்கும் கூட்டம் கூடும்.

முதலில் லைக்கையும் கமெண்டையும் சேர்த்துப் பாருங்கள். எக்ஸில் ஒரு பதிவுக்கு விழுந்த லைக்கைவிடப் பதில்கள் எக்கச்சக்கமாகக் கூடினால் "ரேஷியோ ஆயிட்டாரு" என்பார்கள். அது ட்விட்டராக இருந்தபோது, 2017 வாக்கில் பரவிய பேச்சு. கீழே ஒருவர் போட்ட மறுப்புக்குப் பதிவைவிட அதிக லைக் என்றால் சந்தேகமே வேண்டாம், வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். 2024 ஜூனிலிருந்து லைக் போட்டது யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. எண்ணிக்கை தெரியும், இதற்கு அது போதும்.

சேலைப் பதிவில் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. "விலை?", "கொரியர் உண்டா?", "மஸ்டர்ட் கலர் இருக்கா அக்கா?" என்று கேட்பவர்கள் பாதிப்பேர் லைக் போடுவதே இல்லை. லைக் முப்பது, கமெண்ட் முந்நூறு என்று நின்றாலும் அது நல்ல வியாபாரம். அதனால் கமெண்டைத் திறந்து குறைந்தது இருபதையாவது படியுங்கள்.

ஃபேஸ்புக்கில் வேலை சுலபம். 2016-இல் வந்த ரியாக்‌ஷன்களைத் தொட்டால் எது எத்தனை என்று பிரித்துக் காட்டும். தமாஷ் பதிவு இல்லாமல் ஹாஹா மட்டும் ஏறினால் அது கேலி. யூடியூப் 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்துவிட்டது. சேனல்காரருக்கு மட்டும் தெரியும். நாம் முதலில் நிற்கும் கமெண்டைத்தான் பார்க்க வேண்டும். ரெட்டிட் தளத்தில் ஒரு கமெண்டின் மேல் உள்ள வெறுப்பு நேராகவே கழித்தல் எண்ணாக நிற்கும். 2017-இல் ஈஏ என்ற கேம் நிறுவனம் போட்ட ஒரு பதில் மைனஸ் ஆறு லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

எண்ணைவிட முக்கியம், சிரிப்பவர்களுக்கு விஷயம் தெரியுமா என்பது. வெளியூர்க் கடை ஒன்று அச்சடித்த சேலையை "அசல் கைத்தறிக் கண்டாங்கி" என்று போட்டிருந்தது. கீழே வரிசையாக "உருட்டு உருட்டு", வடிவேலு படங்கள். அவ்வளவுதான் என்றால் வெறும் கும்பல் என்று விட்டுவிடலாம். நடுவில் ஒரு அம்மா எழுதியிருந்தார்: "முந்தியைத் திருப்பிக் காட்டுங்க. பின்பக்கம் வெளுத்திருக்கு." நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் தெரியும், அச்சுக் கட்டம் பின்னால் மங்கும். அந்த ஒரு வரிக்குக் கீழே குவிந்த லைக்தான் சரியான அளவுகோல். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தறியில் உட்கார்ந்து நெய்கிறவருடைய பேரை இப்படி எடுத்துக்கொள்வதை நானும் பொறுக்க மாட்டேன்.

நீங்கள் கேள்வி கேட்பதாக இருந்தால் அந்த அம்மா மாதிரி கேளுங்கள். பதிவை மேற்கோள் போட்டுத் திட்டினால் பொய்யும் உங்கள் கையாலேயே நாலு பேருக்குப் போகும். சேலை கட்டி நிற்கும் பெண்ணின் நிறத்தையும் உடம்பையும் கிண்டல் செய்வது கேவலம். அவர் கூலிக்கு நிற்கிறவர்.

உங்கள் பக்கத்திலேயே இது நடந்தால் பதிவை உடனே அழிக்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும். குறை சொன்ன கமெண்டுக்குக் கீழேயே "இது அச்சுச் சேலை, தவறாகப் போட்டுவிட்டோம், பணம் கட்டியவர்களுக்குத் திருப்பித் தருகிறோம்" என்று எழுதுங்கள். பதிவின் முதல் வரியிலும் அதைச் சேருங்கள். பணத்தையும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.