நியூரெம்பர்க் பாணியில் ஒரு நூல் சூரியக் கடிகாரம்

16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியின் நியூரெம்பர்க் நகரத்துக் கைவினைஞர்கள் தந்தத்தில் பைக்குள் அடங்கும் சூரியக் கடிகாரங்களைச் செய்தார்கள். திறந்தால் ஒரு தகடு படுத்திருக்கும், மற்றது செங்குத்தாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய நூலின் நிழல்தான் முள். ஒவ்வொரு பட்டறைக்கும் தனி முத்திரை: ஹான்ஸ் டூஹருக்குப் பாம்பு, பால் ரைன்மனுக்குக் கிரீடம். பல தகடுகளில் நூலைக் கோக்க மேலும் கீழுமாகத் துளைகள் உண்டு, ஊரின் அட்சரேகைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள.

அதே முறையைச் சென்னைக்கு (13°) மாற்றுவோம். தேவை: 36 × 24 செ.மீ. பிளைவுட், 2 செ.மீ. அகலமும் 6 செ.மீ. உயரமும் உள்ள கட்டை, 1 மி.மீ. கறுப்பு நைலான் நூல். கண்ணாடி நைலான் வேண்டாம், நிழல் மங்கும். பருத்தி நூல் ஈரத்தில் தொய்யும்.

முதலில் 24 செ.மீ. பக்கத்துக்கு இணையாக, பலகையின் நடுவே ஒரு கோடு போடுங்கள். அதுதான் 12 மணி. தென்விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி அதில் ஒரு துளை. துளையிலிருந்து வடக்கே சரியாக 200 மி.மீ. தூரத்தில் ஒரு குறுக்குக்கோடு. கட்டையின் தெற்கு முகம் அந்தக் கோட்டின் மேல் வரும்படி ஒட்டுங்கள். பலகையிலிருந்து 46 மி.மீ. உயரத்தில் கட்டையில் துளையிட்டு நூலை விறைப்பாகக் கட்டுங்கள்.

மணிக்கோடுகளுக்குக் கோணமானி வேண்டாம். நண்பகலையொட்டிக் கோடுகள் நெருங்குவதால் 1° பிசகினால் 18 நிமிடம் போய்விடும். நியூரெம்பர்க்கில் (49.5°) அதே பிசகு 5 நிமிடம்தான். எனவே குறுக்குக்கோட்டில், நடுக்கோட்டிலிருந்து அளந்து குறியுங்கள்: 1 மணிக்கு 12 மி.மீ., 2க்கு 26, 3க்கு 45, 4க்கு 78, 5க்கு 168. இவை கிழக்கே. அதே அளவுகள் மேற்கே 11, 10, 9, 8, 7 மணிகளுக்கு. ஒவ்வொரு குறியையும் கீழ்த்துளையோடு சேருங்கள். துளை வழியே செல்லும் கிழக்கு-மேற்குக் கோடு 6 மணி.

வேறு ஊரென்றால் நூலின் உயரம் 200 × டேன்(அட்சரேகை). குறிகளுக்கு 200 × சைன்(அட்சரேகை) × டேன்(15° × மணி).

நியூரெம்பர்க் தகடுகளில் நிற்கும் பக்கத்திலும் மணிக்கோடுகள் இருக்கும். இங்கே அது வீண்: ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் வடக்கே போய்விடுகிறது.

ரசமட்டம் வைத்துச் சமன்செய்து, டிசம்பர் 25 அன்று கைக்கடிகாரத்தில் 12:09க்கு நிழல் 12 மணிக் கோட்டில் விழும்வரை பலகையைத் திருப்புங்கள். ஏப்ரல் நடுவில் இதைச் செய்யாதீர்கள். அப்போது சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல். பலகை கோணலாக இருந்தாலும் நிழல் கோட்டிலேயே கிடக்கும்.

அந்த 9 நிமிடம், இந்திய நேரம் 82.5° தீர்க்கரேகையைச் சார்ந்திருக்க, சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் வருவது. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் தரும் வித்தியாசம் தனி. இரண்டையும் சேர்த்து, பிப்ரவரி நடுவில் சூரியக் கடிகாரம் காட்டுவதோடு 23 நிமிடம் கூட்டுங்கள், நவம்பர் தொடக்கத்தில் 7 நிமிடம் கழியுங்கள்.