தாய்லாந்து மீன் வடையும் தேங்காய்ப்பால் சாஸும்

பாங்காக் தெருக்கடைகளில் சுடச்சுடப் பொரித்துத் தரும் ‘டோட் மன் ப்லா’தான் இது. நம் மீன் கட்லெட்டில் உருளைக்கிழங்கும் ரொட்டித்தூளும் இருக்கும். இதில் இரண்டும் கிடையாது. மீனின் பசைதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. கடித்தால் உதிரக்கூடாது, லேசாக இழுபட வேண்டும்.

தேவை: தோலும் முள்ளும் நீக்கிய மீன் 400 கிராம், தாய்லாந்து சிவப்பு கறி பேஸ்ட் (மிளகாய் மசாலா விழுது) 2 மேசைக்கரண்டி, முட்டை 1, மீன் சாஸ் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய காராமணிக்காய் ஒரு கைப்பிடி, தாய் எலுமிச்சை இலை 5. அந்த இலை கிடைக்காவிட்டால் இளசான நாரத்தை இலை போதும். நடு நரம்பைக் கிழித்துவிட்டு, சுருட்டி, நூல் நூலாக அரியுங்கள்.

தாய்லாந்தில் ‘ப்லா க்ராய்’ என்ற ஆற்றுமீனின் சதையைக் கரண்டியால் சுரண்டி எடுப்பார்கள். நமக்கு வஞ்சிரமோ சீலாவோ சரியாக வரும். மத்தி வேண்டாம், எண்ணெய்ப்பசை அதிகம்.

1. மீனைத் துண்டுகளாக்கி, ஓரம் விறைக்கும்வரை ஃப்ரீசரில் வையுங்கள். மிக்ஸி ஜாரையும் கூடவே வையுங்கள்.

2. மீன், கறி பேஸ்ட், மீன் சாஸ், சர்க்கரை, முட்டை எல்லாவற்றையும் விட்டு விட்டு அரையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். சுற்றவில்லை என்றால் ஒரே ஒரு ஐஸ்கட்டி. தனியாக உப்பு வேண்டாம், பேஸ்ட்டிலும் சாஸிலும் இருக்கிறது.

3. முக்கியமான இடம் இதுதான். அரைத்ததோடு நிறுத்தினால் வடை பொலபொலவென்று ஆகிவிடும். அகலமான பாத்திரத்தில் போட்டு, அள்ளி அள்ளி ஓங்கி அடியுங்கள். ஐந்து நிமிடமாவது அடிக்க வேண்டும். உப்பு பட்டதும் மீனின் புரதம் கரைந்து வெளியே வருகிறது. அடிக்க அடிக்க ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலையாகிறது. சூட்டில் அந்த வலைதான் இறுகி இழுவை தருகிறது. ஆனால் கலவை வெதுவெதுப்பானால் புரதம் கெட்டுவிடும், அப்புறம் எவ்வளவு அடித்தாலும் சேராது. பாத்திரத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். விரலால் தொட்டு இழுக்கும்போது கலவை கம்பியாக நீண்டு வந்தால் பதம். ஃபுட் பிராசஸர் இருந்தாலும் இந்த வேலைக்கு என் ஓட்டு கைக்குத்தான், பதம் மாறுவது உள்ளங்கையிலேயே தெரியும்.

4. காராமணியையும் இலையையும் கலந்து, கையை நனைத்துக்கொண்டு ஒரு சென்டிமீட்டர் தடிமனில் தட்டுங்கள். மிதமான சூட்டில் எண்ணெயில் பொரியுங்கள். புஸ்ஸென்று உப்பும், வெளியே எடுத்ததும் அமுங்கும். அது இயல்புதான். முதலில் ஒன்றைப் பொரித்து உப்பு பார்த்துக்கொள்ளுங்கள்.

சாஸ்: தாய்லாந்துக்காரர்கள் இதற்கு வெள்ளரிக்காய் போட்ட இனிப்புப் புளிப்பு ‘அஜாட்’தான் வைப்பார்கள். கெட்டியாக, கிரீமியாக வேண்டுமென்பவர்களுக்கு அங்கே சாத்தேயோடு (குச்சியில் செருகிச் சுட்ட இறைச்சி) தரும் வேர்க்கடலைச் சாஸின் பாணி. ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பாலில் ஒரு தேக்கரண்டி கறி பேஸ்ட்டைக் கரைத்து, சிறுதீயில் வாசனை வரும்வரை கிளறுங்கள். வறுத்துப் பொடித்த வேர்க்கடலை 3 மேசைக்கரண்டி, பனைவெல்லம் 1 மேசைக்கரண்டி, கொஞ்சம் புளிக்கரைசல் சேர்த்து, கரண்டியில் ஒட்டும் பதத்தில் இறக்குங்கள். மயோனைஸில் சில்லி சாஸ் கலந்து வைப்பவர்களும் உண்டு. எனக்கு அது ஒத்துவராது, மீன் வாசனையே அமுங்கிப்போகிறது.

பிற்சேர்க்கை: சாஸ் திரிந்துபோகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். வீட்டில் பிழிந்த முதல் பால் தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரியும். பாக்கெட் தேங்காய்ப்பாலில் பெரும்பாலும் பிரியாமல் காக்கும் பொருள் (ஸ்டெபிலைசர்) சேர்த்திருப்பதால் அவ்வளவு சீக்கிரம் பிரியாது. பிரிந்துவிட்டால் கொட்டிவிடாதீர்கள், இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் சேர்ந்துவிடும்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு: சந்தையில் விற்கும் மீன் விழுதை வாங்கினால் முதல் இரண்டு படிகளில் பாதி வேலை மிச்சம். அதில் ஏற்கனவே உப்பு சேர்த்திருப்பார்கள், எனவே மீன் சாஸைப் பாதியாகக் குறையுங்கள்.