கொங்குப் பக்கம் ஒரு சின்ன மீன் பதப்படுத்தும் கூடம்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கடல் இல்லாத ஊரில் மீன் தொழிலா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பவானிசாகர், அமராவதி, ஆழியாறு என்று அணைகள் இருக்கின்றன. பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கடல் மீன் வேண்டுமென்றால் கொச்சியிலிருந்து பாலக்காடு வழியாக ராத்திரியோடு வண்டி வந்துவிடும். சரி, ஒரு நாளைக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

படி 1: ஐஸ்

மெஷினுக்கு விலை கேட்பதற்கு முன்னால் ஐஸ் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். கட்டியாகப் போட்டால் மீன் நசுங்கும். நொறுக்கித்தான் போட வேண்டும். அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ். பெட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். உருகி வடிகிற தண்ணீர்தான் வழவழப்பையும் கிருமியையும் கழுவிக்கொண்டு போகிறது. தேங்கினால் மீன் அந்த அழுக்கிலேயே ஊறிக் கிடக்கும்.

படி 2: வரைபடம்

இறக்குமிடம், கழுவுமிடம், வெட்டுமிடம், பாக்கெட் போடுமிடம், குளிர் அறை. மீன் இந்த வரிசையில் முன்னால் மட்டும் போக வேண்டும். கழுவாத மீனும் பாக்கெட்டும் ஒரே வாசலில் சந்திக்கவே கூடாது.

தண்ணீர் இதற்கு நேர் எதிராக ஓட வேண்டும்: பாக்கெட் பக்கம் மேடு, இறக்கும் பக்கம் பள்ளம். நான் கொத்தனாரிடம் "தரைக்கு நல்லா வாட்டம் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் சாக்கடை இருந்த பக்கமாக வாட்டம் கொடுத்துவிட்டார். முதல் நாளே ரத்தத் தண்ணீர் பாக்கெட் மேசைக்கு அடியில் ஓடியது. தரையை உடைத்து மறுபடி போட்டோம்.

படி 3: வெட்டுதல்

செதிலை வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டுங்கள். வயிற்றைக் கீறும்போது கத்தி ஆழமாக இறங்கினால் பித்தப்பை உடையும். அதிலிருந்து வடிகிற பச்சை நிறப் பித்தநீர் பட்ட இடமெல்லாம் கசக்கும். அப்புறம் நடுமுள்ளை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு இருக்கும். அதை நகத்தால் அல்ல, ஸ்பூன் முனையால் வழித்துக் கழுவுங்கள். அதை விட்டால் மற்ற இடத்துக்கு முன்னால் அங்கேதான் நாற ஆரம்பிக்கும். 100 கிலோ ரோகுவில் தலை, செதில், குடல் போக 60, 65 கிலோதான் தேறும். விலையை இந்தக் கணக்கில் போடுங்கள்.

படி 4: உறைய வைத்தல்

வீட்டு ஃப்ரீசர் உறைந்ததை வைத்துக்கொள்ளத்தான். உறைய வைக்க அல்ல. மெதுவாக உறைந்தால் சதைக்குள் பெரிய பனித்துகள்கள் உண்டாகித் திசுவைக் கிழிக்கும். சமைக்க எடுக்கும்போது தண்ணீராக வடிந்து மீன் சக்கையாகிவிடும். வேகமாக உறைய வைக்கிற பிளாஸ்ட் ஃப்ரீசருக்குக் காசு இல்லையென்றால், முதல் வருடம் ஐஸில் வைத்த மீனாகவே அன்றன்றைக்கு விற்றுவிடுங்கள். உறைந்த மீனை வைத்திருக்க மைனஸ் 18 டிகிரி வேண்டும். மிஞ்சுகிற சின்ன மீனைக் கருவாடு போடலாம்: நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு, தரையில் அல்ல, உயரமான வலைத்தட்டில் காய வையுங்கள்.

படி 5: கழிவு

நொய்யலைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கழிவுநீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொழுப்பை மேலே நிறுத்தும் தொட்டி ஒன்று கட்டாயம். குடலையும் செவுளையும் சம எடை நாட்டுச் சர்க்கரையோடு டிரம்மில் மூடி வையுங்கள். மூன்று வாரம் கழித்து, பயிருக்குத் தெளிக்கிற மீன் அமிலமாகத் தோட்டக்காரர்களே கேட்டு வாங்கிப் போவார்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் போகிறது, என் டிரம்முக்கும் வருகிறது. எங்கள் அம்மாவுக்கு மட்டும் இது பிடிப்பதில்லை.

உணவுப் பாதுகாப்புப் பதிவு, உள்ளாட்சி அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூன்றையும் கட்டடத்துக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். பயிற்சிக்குக் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

இன்னொன்று, புரட்டாசி. அந்த ஒரு மாதம் வியாபாரம் படுத்துவிடும். ஆள் கூலி, கரண்ட் பில்லை அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சுண்ணாம்பு அடிக்க, கதவு ரப்பர் மாற்ற, தொட்டி தூர்வார நான் அந்த மாதத்தைத்தான் வைத்திருக்கிறேன்.