சிறுமலர் தெரேசாவின் ‘சிறு வழி’யில் நடக்கத் தொடங்குவது எப்படி?

சிலுவையையும் ரோஜா மலர்களையும் அணைத்தபடி நிற்கும் சுரூபத்தின் வழியாக மட்டுமே குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை அறிந்தவர்கள், அவரைப் பின்பற்றுவதென்றால் இனிமையான பக்தி உணர்வுகளை வளர்த்துக்கொள்வது என்று எண்ணிவிடுவதுண்டு. 1873-இல் பிரான்சின் அலான்சோனில் பிறந்து, 15 வயதில் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் நுழைந்து, 24 வயதில் காசநோயால் இறந்த இவரை 1925-இல் புனிதராகவும் 1997-இல் மறைவல்லுநராகவும் (திருச்சபைக்கே ஆசிரியராக மதிக்கப்படும் புனிதர்) திருச்சபை உயர்த்தியதற்குக் காரணம் அந்த ரோஜாக்கள் அல்ல. அன்றாடச் சிறு செயல்களை அன்போடு செய்து, குழந்தையைப்போல இறைவனை நம்பி வாழ்வதே அவர் காட்டிய ‘சிறு வழி’. அதில் நடக்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, தமக்கு இயல்பாகவே பிடிக்காத ஒருவரைத் தேர்ந்தெடுப்பதுதான்.

ஒரே ஒருவர் போதும். அவர் பெரும்பாலும் வீட்டிலோ பணியிடத்திலோ அன்பியக் கூட்டத்திலோ (பங்கின் அண்டைக் குடும்பங்கள் கூடும் செபக் குழு) அன்றாடம் எதிர்ப்படுபவராகவே இருப்பார். தெரேசாவுக்கும் மடத்தில் அப்படியொரு சகோதரி இருந்தார்; அவருடைய பேச்சு, நடை, குணம் எதுவுமே தெரேசாவுக்கு ஒத்துவரவில்லை. எதிர்ப்படும்போதெல்லாம் அவருக்காக மன்றாடுவது, இயன்ற சிறு உதவியைச் செய்வது, கடுஞ்சொல் நாவின் நுனிக்கு வரும்போது புன்னகைத்துப் பேச்சை மாற்றுவது ஆகிய மூன்றையே அவர் கடைப்பிடித்தார். தெரேசா தன்னிடம் இவ்வளவு ஈர்க்கப்படுவதற்கு என்ன காரணம் என்று அந்தச் சகோதரியே ஒருநாள் கேட்டாராம். ஆகவே உங்கள் முயற்சியை யாரிடமும் சொல்லாதீர்கள், குறிப்பாக அந்த நபரிடம். “உங்களைப் பொறுத்துக்கொள்ள நான் செபிக்கிறேன்” என்பதைவிடக் கொடிய அவமதிப்பு அரிது.

பொறுமை எல்லையைத் தொடும் நாளில் அந்த இடத்தைவிட்டு விலகிவிடுங்கள். இதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. போர்க்களத்தைவிட்டு ஓடும் வீரரைப்போலத் தாம் ஓடிப்போனதைத் தெரேசாவே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

அடுத்ததாக, மாற்ற முடியாத எரிச்சல்களைக் கையாளும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். மாலைத் தியான வேளையில் தெரேசாவுக்குப் பின்னால் அமர்ந்த சகோதரி ஒருவர், இரு சிப்பிகள் உரசுவதைப்போன்ற ஓசையை ஓயாமல் எழுப்பிக்கொண்டிருந்தார். அந்த ஓசையைக் கேட்காதிருக்க முயன்று வியர்த்துப்போன தெரேசா, இறுதியில் அதை நல்லதோர் இசை நிகழ்ச்சியைப்போலக் கவனமாகக் கேட்டு, அதையே இயேசுவுக்குக் காணிக்கையாக்கினார். திருப்பலியில் அழும் குழந்தையும், பக்கத்து வீட்டு ஒலிபெருக்கியும் நமக்கு அப்படிப்பட்ட காணிக்கைகளாகலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அடியையும் அநீதியையும் வாய்மூடிச் சகிக்கும்படி பெண்களுக்குச் சொல்வதற்குச் ‘சிறு வழி’யைத் துணைக்கு அழைப்பவர்கள் அதைத் திரிக்கிறார்கள். மடத்தில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெறும் நவசந்நியாசிகளை உருவாக்கும் பொறுப்பில் இருந்தபோது, ஒருவரைக் கண்டிப்பதைவிட ஆயிரம் கண்டனங்களைத் தாம் ஏற்பது எளிது என்று உணர்ந்தும், கண்டிக்க வேண்டியதைத் தெரேசா கண்டிக்காமல் விடவில்லை. தம் சொந்த வசதியையும் தன்மானத்தையும் தொடும் சிறு உரசல்களையே அவர் புன்னகையால் விழுங்கினார்.

செபத்தில் தூங்கிவிடுகிறவர்கள் மனம் தளர வேண்டாம். ஆண்டுக்கணக்கில் தியான நேரத்தில் கண்ணயர்ந்த அவர், பெற்றோர் தூங்கும் குழந்தையையும் விழித்திருக்கும் குழந்தையைப் போலவே நேசிக்கிறார்கள் என்று எண்ணி அமைதியடைந்தார். அதுபோலவே, ஒவ்வொரு இரவும் வெற்றிகளை எண்ணிக் கணக்கெழுத வேண்டியதில்லை. படியேற வலுவில்லாத சிறியவர்களை விண்ணகத்துக்குத் தூக்கிச்செல்லும் மின்தூக்கி இயேசுவின் கரங்களே என்பதுதான் அவருடைய போதனையின் மையம். விழுந்த நாளில், விழுந்ததைச் சொல்லிவிட்டு உறங்கச் செல்லுங்கள்; பெரிய பாவமாயின் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருளடையாளத்தை நாடுங்கள்.

நம்பிக்கையே இருண்டுபோகும் காலமும் வரலாம். 1896-ஆம் ஆண்டின் உயிர்ப்புக் காலம் (ஈஸ்டர்) முதல் இறக்கும்வரை, விண்ணகம் உண்டு என்ற எண்ணமே அவருக்கு இருளாயிற்று. அப்போது அவர், ‘நம்புகிறேன்’ என்று தொடங்கும் நம்பிக்கை அறிக்கையைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். உங்களுக்கு மையும் ஒரு சிறு தாளும் போதும். உணர்வு எதுவும் எழாத காலையிலும் அதை எடுத்து, சொல் சொல்லாக, மெதுவாக வாசியுங்கள்.