மென்பொருள் வாங்க ஸ்டோரா, உருவாக்கியவரின் தளமா?

பெங்களூரில் வீட்டிலோ சின்ன அலுவலகத்திலோ டிசைன், எடிட்டிங், கணக்கு வேலை பார்ப்பவர்கள் மென்பொருளின் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். லைசென்ஸ் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஸ்டோரில் வாங்கினால் உங்கள் ஆப்பிள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கோடு. நேரடியாக வாங்கினால், பெரும்பாலும் மின்னஞ்சலில் வரும் ஒரு கீயோடு.

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்காது. மேக் ஆப் ஸ்டோரில் 2012 ஜூன் முதல் சாண்ட்பாக்ஸ் கட்டாயம். நீங்கள் அனுமதிக்காத கோப்புகளைச் செயலி தொட முடியாது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் பேக்கப், டிஸ்க் பராமரிப்பு போன்ற கருவிகள் ஸ்டோர் பதிப்பில் சில வசதிகளை இழக்கும், அல்லது ஸ்டோருக்கே வராது. இரண்டு பதிப்புக்கும் என்ன வித்தியாசம் என்பதை உருவாக்கியவரின் தளத்தில் தேடிப் படியுங்கள். விண்டோஸில் வேறு கதை: பெயிண்ட் டாட் நெட், கிரிட்டா இரண்டும் சொந்தத் தளத்தில் இலவசம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் காசு. அங்கே கொடுக்கும் பணம் உருவாக்குபவர்களுக்கு உதவுகிறது, அப்டேட்டும் தானாக வரும். தெரிந்து கொடுத்தால் நல்ல காரியம்.

நேரடியாக விற்பவர்கள் பலர் சில வாரம் ட்ரையல் தருகிறார்கள். அதை விடாதீர்கள். தமிழில் வேலை செய்பவர்கள் ‘கொ’, ‘பௌ’, ‘ஸ்ரீ’ மூன்றையும் தட்டி, பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள். கொம்பு இடம் மாறினால் அந்த மென்பொருள் உங்களுக்கு உதவாது, எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

அடுத்த பெரிய பதிப்பு வரும்போது நேரடி விற்பனையில் பழைய வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் தள்ளுபடி உண்டு. மேக் ஆப் ஸ்டோரில் அதற்கென்று தனி ஏற்பாடு இல்லாததால்தான் உருவாக்குபவர்கள் பலர் சந்தாவுக்கு மாறினார்கள்.

இனி பில். மென்பொருளுக்கு ஜிஎஸ்டி 18%. பதிவு பெற்ற தொழில் என்றால் பணம் கட்டும் முன்பே ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள். பிறகு பில்லைத் திருத்தி வாங்குவது பெரும்பாடு. கர்நாடகப் பதிவு 29-இல் தொடங்கும், ஓசூரில் பதிந்தவர்களுக்கு 33. முகவரியும் அதற்குப் பொருந்த வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர் உங்கள் எண்ணைப் பெற்றுக்கொண்டு வரி போடாமல் விட்டால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்டி, பிறகு இன்புட் கிரெடிட் (கட்டிய வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க வேண்டும். ஸ்டோரில் எண் கொடுக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், தொழிலுக்கான மென்பொருளை அங்கே வாங்காதீர்கள்.

டாலரில் கட்டும்போது கார்டு மறுக்கப்பட்டால், வங்கிச் செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தா 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஆண்டுச் சந்தா புதுப்பிக்கப்படாமல் நிற்கும். ஸ்டேட்மென்டில் பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங் என்று வந்தால் பதற வேண்டாம், பல சிறு நிறுவனங்களுக்காகப் பணம் வாங்குபவர்கள் அவர்கள்.

தேடலில் மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்கி டவுன்லோடு செய்யாதீர்கள். விண்டோஸில் இன்ஸ்டாலர் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பகுதியில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மேக் திறக்க மறுத்தால் ‘ஓபன் எனிவே’ கொடுக்க அவசரப்படாமல் உருவாக்கியவரிடம் கேளுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் வேண்டிய சிறு செயலிகளுக்கு ஸ்டோர்தான் வசதி. ஆப்பிள் ஃபேமிலி ஷேரிங்கில் 6 பேர் வரை சேரலாம், ஆனால் செயலிக்குள் வாங்குபவை அனைத்தும் பகிரப்படும் என்று சொல்ல முடியாது.

நேரடி லைசென்ஸில் அதிகம் தொல்லை வருவது கணினி மாற்றும்போதுதான். பெங்களூரின் கணினிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் மதர்போர்டு மாற்றக் கொடுக்கும் முன் மென்பொருளை டிஆக்டிவேட் செய்யுங்கள். இல்லையேல் அது புதுக் கணினியாகக் கணக்கில் ஏறி, லைசென்ஸ் அனுமதிக்கும் கணினிகளின் எண்ணிக்கையில் ஒன்று வீணாகும். கீ, பில், இன்ஸ்டாலர் மூன்றையும் வெளி டிரைவில் ஒரு பிரதி வையுங்கள்; நிறுவனம் பழைய பதிப்பைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டால் கீ மட்டும் வைத்து நிறுவ முடியாது.